பதினைந்து நாவலும் ஒரு பீரோவும்

தமிழ் வாத்தியாருக்குப் பிரான்ஸ் தேசத்தில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விமான நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த அதிகாரியும் ஏறக்குறைய இதையே கேட்டார். "பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்க வந்திருக்கிறேன்" என்று சொன்னேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியை அவரிடம் சொல்வது உசிதமல்ல என்று விட்டுவிட்டேன். என் பேத்திக்குத் தமிழ் இலக்கியம் போதித்துவிட்டுத்தான் திரும்புவது என்று சங்கற்பம் செய்துகொண்டு வந்திருந்தேன். அதற்கு அத்தாட்சியாக என் பெட்டியில் அப்பளக் கட்டுக்கும் நார்த்தங்காய்க்கும் நடுவே ஒன்பது புத்தகங்கள் இருந்தன.

இது 2018-ம் வருஷம் செப்டம்பர் மாதத்துச் சமாசாரம். என் பெண் குடியிருக்கும் ஊருக்கு ரென் என்று பெயர். பாரிஸுக்கு மேற்கே, பிரிட்டனி என்ற பிரதேசத்துக்குத் தலைநகரம். மழைக்குப் பேர்போன சீமை. சனிக்கிழமை தோறும் லீஸ் சதுக்கத்தில் பெரிய சந்தை கூடுகிறது; அங்கே கத்தரிக்காயைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை வேறொரு சமயம் எழுதுகிறேன்.

பேத்திக்கு அப்போது வயது 16. 'லிசே' என்னும் மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். புதுச்சேரி வாசிகளுக்கு இந்த வார்த்தை புதிதல்ல. என் ஒன்பது புத்தகங்களில் முதலாவதைப் பிரிப்பதற்கு நான் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு நாள் மாலை நாலைந்து தடிமனான நாவல்களைச் சுமந்து வந்து சாப்பாட்டு மேஜையின்மேல் தொப்பென்று போட்டாள்.

"பரீட்சைக்கா, அம்மா?" என்று கேட்டேன்.

"பரீட்சை இல்லை, தாத்தா."

"பின்னே, இதற்கு மார்க் உண்டா?"

"உண்டு. ஆனால் எங்களுக்கு இல்லை. நாங்கள்தான் புத்தகத்துக்கு மார்க் போடப் போகிறோம்" என்றாள்.

34 வருஷம் பள்ளிக்கூடத்தில் சாக்கட்டி பிடித்தவன் நான். மாணவன் புத்தகத்துக்கு மார்க் போடுவது என்பதை என் சர்வீஸில் கேள்விப்பட்டதில்லை. விசாரித்து அறிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பிரான்ஸில் கோன்கூர் பரிசு என்று ஒன்று உண்டு. எட்மோன் து கோன்கூர் என்னும் எழுத்தாளர் தம் சொத்தை உயிலெழுதி வைத்ததனால் ஏற்பட்ட சபை ஒன்று 1903 முதல் அதைக் கொடுத்து வருகிறது. சபையில் 10 அங்கத்தினர்கள். பாரிஸில் துருவான் என்ற போஜனசாலையில் கூடி, அந்த வருஷத்து நாவல்களில் ஒன்றைப் பொறுக்கி எடுக்கிறார்கள். பரிசுத் தொகை 10 யூரோ! அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு அதே போஜனசாலையில் ஒரு வேளை வயிறாரச் சாப்பிட முடியாது. ஆனால் பரிசு கிடைத்த புத்தகம் லட்சக் கணக்கில் விற்கும். ஆகையால் ஆசிரியர் யாரும் இதுவரை தொகையைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

1988-ம் வருஷம் இந்த ரென் நகரத்தில் ஒரு புது யோசனை பிறந்தது. பெரியவர்கள் செப்டம்பரில் வெளியிடும் முதல் ஜாபிதாவில் உள்ள நாவல்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொடுத்து, 'உங்கள் தீர்ப்பு என்ன?' என்று கேட்டால் என்ன? அப்படித் தோன்றியதுதான் 'லிசே மாணவர்களின் கோன்கூர் பரிசு'. கல்வி மந்திரியின் இலாகாவும், ஃப்னாக் என்னும் புத்தகக் கடைக் கம்பெனியும் கோன்கூர் சபையின் சம்மதத்தோடு இதைச் சேர்ந்து நடத்துகின்றன. வருஷந்தோறும் 50-க்கு மேற்பட்ட வகுப்புகள், சுமார் 2000 பிள்ளைகள். இலக்கியம் படிக்கிற வகுப்புகள் மட்டும் என்று எண்ண வேண்டாம். தொழிற்கல்விப் பிள்ளைகளும் விவசாயப் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. சுமார் 15 நாவல்களை இரண்டு மாதத்துக்குள் படிக்கிறார்கள். ஆசிரியர்களை நேரில் சந்தித்துக் கேள்வி கேட்கிறார்கள். பிறகு வகுப்புக்கு வகுப்பு விவாதம், ஓட்டு. வகுப்பின் பிரதிநிதிகள் பிரதேச வாரியாகக் கூடுகிறார்கள். பிரதேசங்களின் பிரதிநிதிகள் நவம்பரில் ரென் நகரில் கூடி, கதவைச் சாத்திக்கொண்டு வாதாடி, ஒரு நாவலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உபாத்தியாயர்களுக்கு அந்த ஓட்டில் பங்கு கிடையாது.

புத்தகங்களை வாங்கிக் கொடுப்பது யார்? கடைக் கம்பெனி.

இந்த இடத்தில் என் புத்தி விழித்துக்கொண்டது. "மாப்பிள்ளை, ஆதாயம் இல்லாமல் வியாபாரி ஆற்றில் இறங்குவானா?" என்று கேட்டேன்.

"இறங்கமாட்டான், மாமா" என்று மாப்பிள்ளை உடனே ஒப்புக்கொண்டார். அவர் எதையும் ஆதியோடந்தமாகச் சொல்லும் சுபாவமுள்ளவர். அந்தக் கம்பெனி 1954-ல் இரண்டு சிநேகிதர்களால் ஆரம்பிக்கப்பட்டது. மாக்ஸ் தெரே, ஆந்திரே எசெல் என்று பெயர். இருவரும் வாலிபத்தில் தீவிரமான இடதுசாரிகள். முதலில் காமிரா முதலிய சாமான்களை மலிவாக விற்றார்கள். 1974-ல் புத்தக வியாபாரத்திலும் இறங்கி, போட்ட விலையில் நூற்றுக்கு 20 தள்ளிக் கொடுத்தார்கள். சிறு கடைக்காரர்கள் கதறினார்கள். 1981-ல் சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி புத்தகத்துக்குப் பதிப்பாளர் போட்டதுதான் விலை. எந்தக் கடையும் நூற்றுக்கு 5-க்கு மேல் தள்ளிக் கொடுக்கக் கூடாது. "விலையைக் குறைத்து ஆளை இழுக்க முடியாது என்று ஆகிவிட்டால், புத்தக வியாபாரிக்கு வேறு என்ன வழி இருக்கிறது, மாமா? படிக்கிறவர்களை உண்டாக்குவதுதான் வழி" என்றார் மாப்பிள்ளை. கம்பெனியாரின் மனசில் அப்படித்தான் ஓடிற்றா என்று நான் அறியேன். மாப்பிள்ளையின் தர்க்கத்தில் பழுது இல்லை. பிள்ளைகள் தேர்ந்தெடுத்த நாவல் நன்றாக விற்பனையாகிறது, கடைக்கு லாபம். பதினாறு வயதில் நாவல் படிக்கப் பழகியவன் முப்பது வயதில் கடைக்கு வருவான், அதுவும் லாபம்.

ஆனால் ஒன்று கவனித்தேன். எந்தக் குதிரை ஜெயித்தாலும் இந்தக் கடைக்கு லாபம்தான். ஆகவே எந்தக் குதிரையையும் தட்டிவிட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. ஜாபிதாவைத் தயாரிப்பது கோன்கூர் சபை. தீர்ப்புச் சொல்வது பிள்ளைகள். கடை பணத்தைக் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறது.

இதைக் கண்டபோது எனக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பீரோ ஞாபகத்துக்கு வந்தது.

பல வருஷங்களுக்கு முன் ஒரு கம்பெனியார் எங்கள் பள்ளிக்குப் புத்தகங்கள் நன்கொடை அளித்தார்கள். நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். 200 புத்தகங்கள், கண்ணாடிக் கதவு போட்ட ஓர் இரும்பு பீரோ, அதன் நெற்றியில் கம்பெனியின் பெயர் சாண் உயர எழுத்தில். பந்தல் போட்டு விழா நடந்தது. ஜவ்வாது மணக்க மாலைகள், மூன்று பிரசங்கங்கள், பையன்களுக்கு ஆரஞ்சு மிட்டாய். விழா முடிந்ததும் தலைமை ஆசிரியர் பீரோவைப் பூட்டிச் சாவியை என்னிடம் ஒப்படைத்தார். "ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றியாயிற்று. ஒரு புத்தகம் குறைந்தாலும் ஆடிட்டில் உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள், ஐயா" என்றார்.

எனக்குக் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்தாள். நான் அந்தச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். பையன்கள் இடைவேளையில் வந்து கண்ணாடி வழியாகப் புத்தகங்களின் முதுகைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் ஓய்வு பெற்ற அன்று எண்ணிக் கொடுத்தேன். 200 புத்தகங்களும் இருந்தன; ஒன்றிலும் ஒரு விரல் அடையாளம்கூட இல்லை. "ஒன்றுகூடத் தவறவில்லை" என்று எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார்கள். நான் அதற்குப் பெருமைப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போகட்டும், ரென் நகரத்துக்குத் திரும்புவோம்.

செப்டம்பர் கழிந்து அக்டோபர் வந்தது. என் ஒன்பது புத்தகங்கள் பெட்டியிலேயே இருந்தன. பேத்தி பஸ்ஸில் படித்தாள், படுக்கையில் படித்தாள், தோசையைக் கருகவிட்டுப் படித்தாள். ஒரு நாவலை நூறாவது பக்கத்தில் மூடி வைத்து, "இது வேண்டாம், தாத்தா. இவருக்குத் தம் வாக்கியங்களின்மேல்தான் பிரியம், கதையில் வருகிற மனுஷர்கள்மேல் இல்லை" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சடித்த புத்தகத்தை, அதுவும் பரிசு ஜாபிதாவில் ஏறியதை, பதினாறு வயதுப் பெண் இப்படியும் பேசலாமா? பேசலாம் போலிருக்கிறது. மறுநாள் வகுப்பில் அவளுடைய சிநேகிதி அதே நாவலுக்காக வக்கீல் போல வாதாடினாளாம். அதற்குப் பதில் சொல்வதற்காக, வேண்டாம் என்று தள்ளிய நாவலை இவள் மறுபடி எடுத்து மிச்சத்தையும் படித்து முடித்தாள். நான் கட்டளையிட்டிருந்தால் முடித்திருப்பாளா?

இதில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த வருஷத்துப் புதுச் சரக்கைத்தான் படிக்கிறார்கள். நூறு வருஷம் நின்ற நூல்களுக்கு அங்கே இடமில்லை. பேத்தியிடம் இதைச் சொன்னேன். "செத்துப்போன ஆசிரியர்கள் நம்மைச் சந்திக்க வரமாட்டார்களே, தாத்தா!" என்றாள். பதில் முழுமையானதல்ல. ஆனாலும் நான் சிரித்துவிட்டேன்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆகவே அவள் தன் கட்சியை என்னிடம் நிலைநாட்ட வேண்டுமானால் கதையைத் தமிழில் சொல்லியாக வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டுத் தடுமாறிச் சொல்வாள். வார்த்தை அகப்படாதபோது என்னைக் கேட்பாள். நான் கடல் கடந்து வந்து போதிக்க நினைத்த தமிழை, நான் போதிக்காமலேயே, அவள் தன் தேவைக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒரு நாள் அவள் சொன்ன கதை, தாவித் தியோப் என்பவர் எழுதிய 'ஃப்ரேர் தாம்' என்ற நாவல். 'ஆத்ம சகோதரன்' என்று சொல்லலாம். முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸுக்காகச் சண்டை போட ஆப்பிரிக்காவிலிருந்து அழைத்துவரப்பட்ட ஒரு செனெகல் சிப்பாயின் கதை. அவனுடைய உயிர்த் தோழன் அவன் கண்முன்னே குற்றுயிராய்க் கிடக்கிறான்; 'என்னைக் கொன்றுவிடு, வேதனை தாங்கவில்லை' என்று மன்றாடுகிறான். இவனுக்குக் கை வரவில்லை. தோழன் துடிதுடித்துச் சாகிறான். அதற்குப் பிறகு இவன் மனசு பேதலித்து என்னவாகிறான் என்பதுதான் கதை. அதே யுத்தத்தில் நம் தேசத்துச் சிப்பாய்களும் அதே பிரான்ஸின் பதுங்கு குழிகளில் மடிந்தார்கள். அவர்களுக்கு நூவ் ஷாப்பெல் என்ற ஊரில் 1927-ல் திறந்த ஞாபகச் சின்னம் இருக்கிறது. அவர்களைப் பற்றி நான் ஒரு நாளும் வகுப்பில் பேசியதில்லை.

"தாத்தா, செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டால், பிறகு உள்ளே ஒரு பல் கடித்துக்கொண்டே இருக்குமே, அதற்குத் தமிழில் என்ன?" என்று கேட்டாள்.

"உறுத்தல்" என்றேன்.

அவள் அந்த வார்த்தையை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "நீங்கள் இத்தனை வருஷம் பாடம் சொன்னீர்களே, அதில் உங்களுக்குப் பிடிக்காத புத்தகம் எது?" என்றாள்.

நான் யோசித்தேன். பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. பிடித்ததா, பிடிக்கவில்லையா என்பது வரவில்லை. அந்தக் கேள்வியை நான் ஒரு மாணவனையும் கேட்டதில்லை. என்னையும் யாரும் கேட்டதில்லை.

அடுப்பண்டை நின்றிருந்த என் பெண் திரும்பிப் பாராமலே சொன்னாள்: "தாத்தா என்னிடமிருந்து பிடுங்கி வைத்த புத்தகம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கேள்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. அதுவும் 1988-ம் வருஷந்தான். அவளுக்கு அப்போது 14 வயது. வாரப் பத்திரிகையில் தொடராக வந்த ஒரு நாவலைக் கிழித்துச் சேர்த்து எதிர்வீட்டு மாமி பைண்டு செய்து வைத்திருந்தாள். என் பெண் அதை இரவல் வாங்கிக் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கண்டுபிடித்து, "பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும், தருகிறேன்" என்று வாங்கி வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பரீட்சை முடிந்தது. நான் மறந்துபோனேன்.

"நீங்கள் மறந்துவிட்டீர்கள், அப்பா. மாமி மறக்கவில்லை" என்றாள் என் பெண். "இரவல் வாங்கினதைத் திருப்பித் தராத பெண் என்று எனக்குப் பெயர். அப்பாதான் வைத்திருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எனக்கு யாரும் புத்தகம் தரவில்லை. நானும் கேட்கவில்லை."

கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். சற்று முன் நான் பேத்திக்குக் கற்றுக்கொடுத்த வார்த்தை இருக்கிறதே, அதற்கு அன்றிரவுதான் எனக்கே பொருள் தெரிந்தது.

நவம்பரில் முடிவு வெளியாயிற்று. பிள்ளைகள் தேர்ந்தெடுத்தது தாவித் தியோப்பின் நாவலை. பெரியவர்களின் சபை வேறொருவருக்குக் கொடுத்திருந்தது. பேத்தி ஓட்டுப் போட்டது இரண்டுக்குமே அல்ல. தோற்றுப்போன வக்கீல் போல இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் அந்த நாவலை மறுபடியும் எடுத்தாள், "இத்தனை பேர் கண்டது என் கண்ணுக்கு ஏன் படவில்லை என்று பார்க்க வேண்டும்" என்று. 2021-ல் அந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்குச் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. அன்று டெலிபோனில் அவள், "பார்த்தீர்களா தாத்தா, எங்கள் தீர்ப்பு எப்படி!" என்று கூவினாள். தான் எதிர்த்து ஓட்டுப் போட்டதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

ஊர் திரும்பியதும் முதல் காரியமாக வீட்டுப் பீரோவைத் திறந்தேன். பட்டுப் புடவைகளுக்கும் பத்திரங்களுக்கும் அடியில் அந்தப் பைண்டு இருந்தது. பாதிக்கு மேல் ஒரு பக்கத்தின் மூலை மடங்கியிருந்தது. முப்பது வருஷமாக அந்த மடிப்பு அப்படியே நின்றுகொண்டிருந்தது. எதிர்வீட்டு மாமி காலமாகி ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவளுடைய பிள்ளையிடம் கொண்டுபோய் நடந்ததைச் சொல்லி, "குற்றம் என்னுடையது, என் பெண்ணினுடையது அல்ல" என்றேன். அவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "அம்மா ரொம்ப நாள் தேடினாள், சார். இது இனி உங்கள் பெண்ணிடமே இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார். தபாலில் அனுப்பினேன்.

கம்பெனி நடத்தும் கனவான்கள் யாரேனும் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் கொடுங்கள், உங்கள் பெயரைச் சாண் உயரம் எழுதிக்கொள்வதானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் தொலைந்து போகும் புத்தகங்களுக்கும் சேர்த்து ஒரு தொகை ஒதுக்குங்கள்; அப்போது எந்த வாத்தியாரும் சாவியை இடுப்பில் முடியமாட்டார். எது நன்றாயிருந்தது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதிலில் கை வைக்காதிருங்கள். கம்பெனி இல்லாத தகப்பன்மாருக்கும் இதே விண்ணப்பந்தான். அவர்களுக்குச் செலவு இன்னும் குறைவு.

2019 பொங்கல் கழித்து என் பெண்ணிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. டெலிபோனில் பேசுகிறவளே தவிர, கடிதம் எழுதுகிறவள் அல்ல. மடித்த பக்கத்திலிருந்து ஆரம்பித்து நாவலை முடித்துவிட்டாளாம். "முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, அப்பா, ஏன் என்று சொல்கிறேன்" என்று தொடங்கி மூன்று பக்கம் எழுதியிருந்தாள். அதில் நாலு எழுத்துப் பிழைகள் இருந்தன.

நான் திருத்தவில்லை. எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. ஏன் என்று அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.